நுவரெலியாவில் ஒரு பழைய தூண்டில்கோல் கடை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரத் துரைமார் மலையக ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டதிலிருந்து, அவர்களின் பங்களாக்களில் சேர்ந்த தூண்டில்கோல்கள் இன்றும் நுவரெலியாவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அத்தகைய ஒரு கடையில், ஃபென்விக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழுப்பு நிறக் கண்ணாடியிழைக் கோல் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

பெயரைக் கண்டதும் நான் மயங்கிவிட்டேன். "தம்பி, எழுத்தை நம்பாமல் நீளத்தை அளந்து பாருங்கள்" என்றார் கடைக்காரர். கைப்பிடிக்கு மேலே எழுதியிருந்த எஃப்எஃப்75 என்ற எண் ஏழரை அடியைக் குறிக்கிறது. ஆனால் நாடாவை வைத்து அளந்தபோது இரண்டு அங்குலம் குறைந்தது. நுனி எப்போதோ முறிந்து, தூண்டில் நூல் செல்லும் வளையம் மீண்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. இதை அவரே கண்டு சொல்லி, கேட்டிருந்த விலையிலிருந்து 7,000 ரூபாயைக் குறைத்தார்; இந்த நேர்மைக்காகவே கடையைப் பரிந்துரைக்கிறேன். கோலின் இரு துண்டுகளும் பித்தளை இணைப்பு இல்லாமல், கண்ணாடியிழையின் மேல் கண்ணாடியிழையாகவே பொருந்துவது ஃபென்விக்கின் தனி அடையாளம். அந்த இணைப்பு ஆடாமல் இறுக்கமாக இருந்தது மனநிறைவைத் தந்தது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அருகிலிருந்த வெள்ளை நிற வொண்டர்ராட் கோலின் (ஷேக்ஸ்பியர் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு) தக்கைக் கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்து, புதிதாக வார்னிஷ் பூசியிருந்தார்கள். பழைய பூச்சும் கைபட்டுக் கறுத்த தக்கையும் இருந்திருந்தால், சேகரிப்பவர்கள் கூடுதலாகவே கொடுத்திருப்பார்கள்.