நீல ராட்சசனா, இரும்பு ஆளா?

காரைக்குடில எங்க ஐயா வீட்டு வளவுல ஆத்தங்குடிக் கல்லு மேல பாய விரிச்சு ரெண்டு ராத்திரி ரெண்டு படம் பாத்தோம், ரெண்டுமே ரெனே லாலூ எடுத்த பிரெஞ்சு அனிமேஷன்.

முதல்ல 1973ல வந்த 'ஃபென்டாஸ்டிக் பிளானட்'. செவப்புக் கண்ணு நீலத்தோல் ட்ராக் ராட்சசங்க மனுசங்கள 'ஓம்'னு பேரு வச்சு நாய்க்குட்டி மாதிரி வளக்குதுங்க, பெருகிட்டா கேஸ் விட்டு கொல்லுதுங்க. டெர்ங்கிற பையன் பாடம் ஏத்துற ஹெட்பேண்டோட ஓடிப்போயிடுறான், அந்தப் படிப்புதான் பின்னாடி கலகத்துக்கு ஆயுதம். ரோலான் தோபோர் வரைஞ்சத பேப்பர்ல வெட்டி நகத்தி எடுத்துருக்காங்க, அதனால அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் இருக்கும், ஆனா கெட்ட கனவு அப்படித்தானே வரும். அலென் கோராகேர் மியூசிக் வேற தூங்க விடல. பின்னாடி உக்காந்திருந்த ஆயா மட்டும், "எறும்புக்கு நாம பொடி போடலயாடா"ன்னாக, எல்லாரும் கப்சிப்.

இன்னொன்னு 80கள் கடைசில வந்த 'காண்டஹார்'. வட கொரியாவுல வரைஞ்சது, அசைவெல்லாம் வழுவழுன்னு, பிலிப் காசாவோட கலர் கண்ணப் பறிக்குது. இரும்பு ஆளுங்க வந்து சனத்த கல்லாக்கி தூக்கிட்டுப் போறாங்க, காரணம் எதிர்காலத்துல கெடக்கு. சோதனைல கோணலா பொறந்து ஒதுக்கப்பட்டவங்கதான் இதுல எனக்கு பிடிச்சது, அவங்க கதைய இன்னும் சொல்லியிருக்கலாம், டைம் டிராவல் குழப்பத்துல விட்டுட்டாங்க.

நான் நீல ராட்சசன் பக்கம்தான், 72 நிமிசத்துல முடிஞ்சிடும். ரெண்டுலயும் துணியில்லாத ஆளுங்க வருவாங்க, புள்ளைங்க தூங்கினப்புறம் போடுங்க.