நாலு மணிப் பலகாரம்: நிறுத்துவதா, அளப்பதா, முந்திக்கொள்வதா?

எடை குறைக்க ஆரம்பிக்கும் முதல் சில வாரங்களில் காலைச் சாப்பாடோ மதியச் சாப்பாடோ பெரிய தொல்லை தருவதில்லை. சிக்கல் எல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்தான். ஆபீஸ் வாசலில் டீக்கடை வாணலியில் பஜ்ஜி பொரியும். வீட்டில் இருந்தால் மிக்சர் சம்படத்தின் பக்கம் கை போகும். பெரிய பசி இருக்காது, ஆனால் வாய் நமநமவென்று இருக்கும்.

இந்த நேரத்தைத் தாண்ட மூன்று வழிகள் உண்டு. நொறுக்குத் தீனியை அடியோடு நிறுத்துவது, அளந்து கொஞ்சமாகச் சாப்பிடுவது, ஆசை எழும் முன்பே வேறு ஒன்றால் வயிற்றை நிரப்பிவிடுவது. நான் மூன்றாவதை எடுத்துக்கொண்டவன், இன்றும் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். தண்ணீர் குடிப்பது, நேரத்துக்குத் தூங்குவது, டீயில் சர்க்கரையைக் குறைப்பது எல்லாம் மூன்றுக்கும் பொது, எல்லாருக்கும் தெரிந்ததும்கூட.

அடியோடு நிறுத்துவது நம் ஊரில் நடக்காத காரியம் இல்லை. புரட்டாசி முழுக்க அசைவம் தொடாத குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் 41 நாள் விரதம் இருக்கிறார்கள். ஆனால் அந்த விரதங்களைக் காப்பாற்றுவது தனி ஆளின் மன உறுதி மட்டும் இல்லை. வீடே சேர்ந்து விரதம் இருக்கிறது, அடுப்பில் மீன் ஏறுவதில்லை, யாரும் ஒரு துண்டை நீட்டி ஆசை காட்டுவதில்லை. என்றைக்கு முடியும் என்றும் முன்பே தெரியும். எடை குறைப்பில் இது எதுவும் கிடையாது. பிள்ளைகளுக்கு வாங்கிய சிப்ஸ் அலமாரியிலேயே இருக்கும். மாமியார் சாத்தூர் சேவு வாங்கி வந்து, "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்று தட்டை நீட்டுவார்கள். அன்போடு நீட்டும் தட்டைத் தினமும் தள்ளிக்கொண்டே இருக்க முடியாது.

இந்தத் தடையோடு மதியச் சாப்பாட்டையும் பாதியாக வெட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 1944, 45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை மாதக்கணக்கில் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். அவர்களுக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தது. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கக்கூட ஆரம்பித்தார்கள். அரைவயிறாக இருக்கும் உடம்பு சாப்பாட்டைத்தான் நினைக்கும், அதில் ஆளின் குறை எதுவும் இல்லை.

கூல்டிரிங்க்ஸ் விஷயத்தில் மட்டும் நானும் முழுத் தடைக்காரன்தான். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நாள் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடித்தாலும் அது வயிற்றில் நிற்பதில்லை.

அடுத்து, அளந்து சாப்பிடுவது. கேட்க மிகவும் நியாயமாக இருக்கும். இதில் நான் கவனித்தது, எண்ணக்கூடிய பண்டத்துக்குத்தான் இது ஒத்துவரும். முறுக்கு, தட்டை, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எல்லாம் ஒன்று என்றால் ஒன்றுதான். மிக்சர், காராபூந்தி, சேவுக்கு அப்படி ஒரு எல்லை இல்லை. ஒரு கை அள்ளியதும் அடுத்த கை தானாகப் போகும். கிண்ணத்தில் போட்டு, சம்படத்தை மூடி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் வெறும் வயிற்றோடு அளக்க உட்கார்ந்தால் அளவு பெருகிவிடும். தினமும் நாலு மணிக்கு மனசோடு ஒரு பேரம் நடத்த வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த வழியில் எனக்குப் பிடிக்காதது. வேலை முடிந்து அலுத்துப்போன நேரத்தில் அந்தப் பேரத்தில் நாக்குதான் ஜெயிக்கும்.

மூன்றாவது வழியில் அந்தப் பேரத்துக்கே இடமில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது ரத்தத்தில் ஏறுகிறது. வருஷக்கணக்காக நாலு மணிக்குப் பஜ்ஜி சாப்பிட்ட உடம்பு நாலு மணிக்குக் கேட்கத்தான் செய்யும். அதனால் மூன்றரை, மூன்றே முக்காலுக்கே ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிடுகிறேன். டீக்கடைக்கு நண்பர்களோடு போவதை நிறுத்தவில்லை. வயிறு நிறைந்திருக்கும்போது பஜ்ஜி கண்ணில் பட்டாலும் கை தவிப்பதில்லை.

சுண்டலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 160 கலோரி, 9 கிராம் அளவுக்குப் புரதம், நல்ல நார்ச்சத்து. எண்ணெயில் பொரித்த மிக்சர் அதே 100 கிராமில் 500 கலோரியைத் தாண்டிவிடும். போதாததற்குச் சுண்டலை மென்றுதான் தின்ன வேண்டும், வேகமாக உள்ளே தள்ள முடியாது. உப்பும் காரமும் தாளிப்பு வாசனையும் இருப்பதால் பத்தியச் சாப்பாடு என்ற எண்ணமே வருவதில்லை.

ஆனால் இந்த வழி நிலைக்குமா என்பதை முடிவு செய்வது கலோரிக் கணக்கு இல்லை. அதைத் தினமும் யார் தயார் செய்வது என்ற ஒரே கேள்விதான். மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தால் போதும். கொண்டைக்கடலையை முந்தின நாள் ராத்திரியே எட்டு மணி நேரம் ஊறப்போட வேண்டும். ராத்திரி மறந்தால் மறுநாள் நாலு மணிக்கு பஜ்ஜிதான். எடை குறைக்கப் போகிறேன் என்று கணவர் சொன்னதும் ஊறப்போடுவது, வேகவைப்பது, டப்பாவில் போட்டுக் கொடுப்பது எல்லாம் மனைவியின் தலையில் விழுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். இது நியாயமும் இல்லை, நீடிக்கவும் செய்யாது. அவருக்கு உடம்பு முடியாமல் போனாலோ ஊருக்குப் போனாலோ எல்லாம் நின்றுவிடும். யார் எடை குறைக்க வேண்டுமோ அவர்தான் கடலையை ஊறப்போட வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. ராத்திரி பல் தேய்க்கப் போகும் முன் செய்துவிடுகிறேன்.

பழகியதும் வேலை குறையும். காலையில் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் குக்கரில் ஐந்தாறு விசில் விடுகிறேன். இரண்டு நாளைக்குச் சேர்த்து வேகவைத்து, பாதியைத் தாளிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். தாளிப்பது மட்டும் அன்றன்றைக்கு: ஒரு ஸ்பூன் எண்ணெய், கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை, கட்டாயம் பெருங்காயம். டப்பாவில் எடுத்துப் போவதாக இருந்தால் தேங்காய் போடாதீர்கள், சித்திரை வெயிலில் மூன்று மணிக்குள் ஊசிப்போய்விடும். தினமும் ஒரே கடலை என்றால் அலுத்துவிடும் என்பதால் பச்சைப்பயறு, தட்டைப்பயறு, வேர்க்கடலை என்று மாற்றிக்கொள்வேன். வேகவைத்த வேர்க்கடலை மட்டும் அளவோடு, அதில் கொழுப்பு அதிகம். மறந்துபோகும் நாட்களுக்காக ஆபீஸ் டிராயரில் ஒரு டப்பா பொட்டுக்கடலை வைத்திருக்கிறேன். அதை ஊறவைக்கவும் வேண்டாம், வேகவைக்கவும் வேண்டாம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு அவித்த முட்டை இன்னும் சுலபம், கிட்டத்தட்ட 12 கிராம் புரதம் கிடைத்துவிடும்.

ஆரம்பத்தில் வயிறு உப்பிக்கொண்டு வாயுத் தொல்லை வரலாம். முதல் வாரம் அரைக் கிண்ணத்தோடு நிறுத்தி, அப்புறம் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும்.

இனிப்பு ஆசைக்குச் சுண்டல் எவ்வளவு தூரம் உதவும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, எனக்கு இனிப்பில் பெரிய நாட்டம் இல்லை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இனிப்பு கேட்கும்போது என் மனைவிக்கு இரண்டாவது வழிதான் சரிப்படுகிறது: சாப்பாடு முடிந்ததும் ஒரே ஒரு கடலை மிட்டாய், நிம்மதியாக உட்கார்ந்து. இந்த விஷயத்தில் அவள் பேச்சைத்தான் கேட்க வேண்டும், என் பேச்சை இல்லை. நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் நான் சொல்லும் நேரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு வாய் நமநமக்கும் நேரம் எதுவோ அதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பாருங்கள். தனியாக அறை எடுத்து இருப்பவர்களுக்கு, சம்படமே இல்லாத வீட்டில், முதல் வழிகூட நன்றாக நடக்கலாம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறு, கடலையின் அளவையும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.