கைமோன்தாகே ஒருநாள் மலையேற்றம்: ஏற்றம் நிறைவு, ஆலயம் அவசரம்

ஜப்பானின் கியூஷு தீவில், சட்சுமா தீபகற்பத்தின் தென்முனையில், அலைகளை ஒட்டியே கவிழ்த்த கூம்பாக எழுந்து நிற்கிறது கைமோன்தாகே எரிமலை. 'சட்சுமா ஃபூஜி' என்பது அதன் செல்லப்பெயர். இபுசுகி நகரிலிருந்து வழிகாட்டியுடன் அதில் ஏறி இறங்கும் ஒருநாள் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தேன். 924 மீட்டர்தானே என்று இளப்பமாக நினைத்தது என் தவறு. கடலோரத்து மலை என்பதால் அந்த உயரத்தின் பெரும்பகுதியைக் கால்களே கடந்தாக வேண்டியிருந்தது.

ஏற்றத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. இருக்கும் ஒரே பாதை வடக்கே தொடங்கி, மலையை வலஞ்சுழியாக ஒரு சுற்று சுற்றி உச்சியை அடைகிறது. பாதி தூரம் காட்டு நிழலில், காலடியில் சரளை வழுக்க நடந்தபின், மரங்கள் விலகிய ஓரிடத்தில் நாகசாகிபனா முனை திடீரெனத் தெரிந்தது. அதற்கும் மேலே சரளை மறைந்து, கைகளையும் ஊன்றி ஏற வேண்டிய பெரும்பாறைகள் தொடங்கின. வழிகாட்டி அங்கே நிறுத்தி, கீழ்ப்பகுதி சாம்பலும் எரிமலைக் குழம்பும் அடுக்கடுக்காகப் படிந்தது என்றும், மேற்பகுதி பின்னர் பிதுங்கி உறைந்த குழம்புக் குவிமாடம் என்றும் பாறையைத் தட்டிக் காட்டி விளக்கினார். அந்த ஐந்து நிமிடத்துக்கே கொடுத்த பணம் தகும். உச்சியில் ஒரு சிற்றாலயம். வடக்கே இகேதா ஏரி.

என் மனக்குறை ஹிராகிகி ஆலயத்தைப் பற்றியது. வடக்கு அடிவாரத்தில் உள்ள இது பழைய சட்சுமா மாகாணத்தின் முதன்மை ஆலயம். இந்த மலையை வழிபடுவதிலிருந்து வளர்ந்தது. மலையின் பெயரை எழுதும் எழுத்துகளையே 'ஹிராகிகி' என்றும் படிக்கலாம். 874, 885 ஆகிய ஆண்டுகளில் மலை சீறியது. முதல் வெடிப்பில் புதைந்த குடியிருப்பின் தடயங்கள் இபுசுகியின் ஹாஷிமுரெகாவா அகழ்விடத்தில் வெளிப்பட்டன. அச்சுறுத்திய அதே மலை கடலோடிகளுக்குத் திசைகாட்டியாகவும் இருந்ததால்தான், தெற்கே இன்றைய ஒகினாவா தீவுகளை ஆண்ட ரியூக்யூ அரசர்கள் காணிக்கையாக அனுப்பிய பெயர்ப்பலகைகள் இங்கே இருக்கின்றன. இத்தனையும் கொண்ட ஆலயத்துக்கு, இறங்கிக் களைத்த பிறகு, பத்தே நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பலகைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பதிவு செய்வோர் காலையில் முதலில் ஆலயத்துக்கு அழைத்துப் போகும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அங்கே நின்ற மாலையில் மலையின் மேற்பாதியை மேகம் விழுங்கியிருந்தது. ஏறிவிட்டு வந்த மலை எது என்று கைகாட்டக்கூட முடியவில்லை.