ஹெப்பாரினா, எனாக்ஸாபரினா? அப்பாவின் ட்ரைகிளிசரைடு கணக்கு

அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ், இது ஏழாவது வருஷம். கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் எப்போதும் அடக்கம்தான். ஆட்டம் போட்டது ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு. 310ஐத் தொட்டதும் டாக்டரிடம் பேசி, டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்தை சாதாரண ஹெப்பாரினிலிருந்து எனாக்ஸாபரினுக்கு மாற்றினோம். எட்டு மாதம் ஆகிறது.

ரத்தத்தை வடிகட்டும் டயாலைசரில் அது உறையாமல் இருக்க இரண்டுமே போதும். விலையில் ஹெப்பாரின் சல்லிசு. அதை பம்ப் வைத்து ஏற்றிக்கொண்டே இருப்பார்கள்; எனாக்ஸாபரின் ஆரம்பத்தில் ஒரே டோஸ், குழாயிலேயே போட்டுவிடலாம்.

எங்களை மாறவைத்தது ஒரு நொதி. ட்ரைகிளிசரைடை உடைக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ், ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹெப்பாரின் உள்ளே போனதும் சுவரை விட்டு ரத்தத்தில் கலந்துவிடும். கொஞ்ச நேரம் கொழுப்பு மளமளவென்று உடையும். (அதனால் கொழுப்புப் பரிசோதனைக்கு ரத்தத்தை ஹெப்பாரின் போடும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள்.) வினை அப்புறம்தான்: கழன்று வந்த நொதியைக் கல்லீரல் வாரிக்கொண்டு போய்விடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த நொதி ஏற்கெனவே மந்தம். அதிலும் வாரம் மூன்று தடவை இப்படிச் சுரண்டினால் என்ன மிஞ்சும்?

எனாக்ஸாபரினும் நொதியைக் கழற்றும், ஆனால் ஒரேயடியாக இல்லை என்பதுதான் அதன் தரப்பு வாதம். ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் மாறிய பிறகு ட்ரைகிளிசரைடு இறங்கியது, சிலவற்றில் அசையவில்லை. கடைசியில் இரண்டும் நொதியை ஒரே அளவுக்குத்தான் காலி செய்கின்றன என்பவர்களும் உண்டு. அப்பாவுக்கு 235க்கு வந்தது. அதே மாதங்களில் சாயங்கால பஜ்ஜியையும் நிறுத்தினார், அதனால் முழுப் பெருமையையும் ஊசிக்குக் கொடுக்க மாட்டேன்.

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையான ஸ்டாட்டின் போடலாமே என்று கேட்பீர்கள். டயாலிசிஸ் நோயாளிகளிடமே நடந்த 4டி (2005), அரோரா (2009) ஆய்வுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவற்றை அது சொல்லும்படி குறைக்கவில்லை. எங்கள் டாக்டரும் புதிதாகத் தொடங்க விரும்பவில்லை.

எனாக்ஸாபரினில் எனக்கு உறுத்துவது ஒன்று. அது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. சிறுநீரகமே வேலை செய்யாதவரிடம் தங்கித் தங்கித்தான் போகும். முறிமருந்தான புரோட்டமைனும் அதை முழுசாக முறிக்காது. முன்பு ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து பத்து நிமிஷம் அழுத்தினால் போதும். இப்போது இருபது நிமிஷம் ஆகிறது, அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டி வந்தபோது, டாக்டர் சொல்லி, அதற்கு முந்தைய டயாலிசிஸுக்கு மட்டும் பழைய ஹெப்பாரினுக்கே போனோம்.