16 ஆம்பியர் பிளக்கில் கார் சார்ஜ்: ஒரு போர்ட்டபிள் கேபிளோடு ஒரு வருடம்

எங்கள் கார் டாடாவின் எலக்ட்ரிக் கார் டியாகோ இவி, 24 யூனிட் பேட்டரி. மதுரையில் சொந்த வீடு, போர்டிகோவில்தான் நிறுத்துகிறோம். சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் வேண்டாம், காரோடு வரும் 15 ஆம்பியர் கேபிளே போதும் என்று வாங்கும்போதே முடிவு செய்தோம், அதில் இன்றுவரை வருத்தமில்லை. ஊருக்குப் போகும்போது டிக்கியில் போட்டுக்கொள்ள ஒன்று தனியாக இருக்கட்டும் என்று, ஆம்பியரைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி இன்னொரு போர்ட்டபிள் சார்ஜரை ஆன்லைனில் 17,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த இரண்டாவது கேபிளைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு கேபிளைவிட சாக்கெட்டைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் கேபிள். ஒரு முனையில் நம் வீட்டு ஏசி பாயின்டில் செருகுகிற மூன்று பின் பிளக், நடுவில் செங்கல் அளவுக்கு ஒரு பாக்ஸ், மறுமுனையில் டைப் 2 கன், அதாவது காரில் செருகுகிற கைப்பிடி. பலரும் அந்த பாக்ஸைத்தான் சார்ஜர் என்று நினைக்கிறார்கள். சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. பாக்ஸின் வேலை காவல் வேலை: எர்த் இருக்கிறதா, கரன்ட் எங்காவது கசிகிறதா என்று பார்த்து, இத்தனை ஆம்பியருக்கு மேல் இழுக்காதே என்று காருக்குச் சொல்லும், ஏதாவது தப்பென்றால் லைனைத் துண்டிக்கும். என்னுடையதில் 6, 8, 10, 13, 16 என்று ஐந்து நிலைகள். சின்னத் திரையில் வோல்டேஜ், ஆம்பியர், ஏறிய யூனிட் எல்லாம் தெரியும். பிளக்குக்குள்ளேயே வெப்பநிலை சென்சார் உண்டு, வாங்கினால் இது இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நேரக் கணக்கு: 15 ஆம்பியர் சாக்கெட்டில் 10 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற 8.7 மணி நேரம் என்று கார் கம்பெனி சொல்கிறது, கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகிறது. நான் பெரும்பாலும் 10 ஆம்பியரில்தான் வைப்பேன். 230 வோல்டில் அது 2.3 கிலோவாட், ராத்திரி 10 மணிக்குப் போட்டுக் காலை 6 மணிக்கு எடுத்தால் மீட்டரில் 18 யூனிட் ஓடியிருக்கும், வழியில் வீணாவது போக 16 அளவுக்கு பேட்டரியில் சேரும். எங்கள் ஓட்டத்துக்கு அது 110 கிலோமீட்டருக்குக் குறையாது. தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சொந்தக் காரை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் 2022 வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. ஆனால் ஈபி பில் ஸ்லாப் ஏறும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாத பில்லில் 330 யூனிட் வரை கூடுகிறது.

சரி, சாக்கெட் கதைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் கீழ் அறையில் சும்மா கிடந்த ஏசி பாயின்டில்தான் செருகினோம். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி, புதுக் கேபிளை 16-ல் வைத்துவிட்டுப் படுத்தேன், காலையில் பார்த்தால் பாக்ஸ் தானாகவே நின்றிருந்தது, திரையில் வெப்ப எச்சரிக்கை, பிளக்கைத் தொட முடியவில்லை. சாக்கெட்டின் ஒரு ஓட்டை ஓரம் பழுப்பாகி, பிளாஸ்டிக் கருகிய வாசனை. அந்த சென்சார் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் வந்து கழற்றிக் காட்டினார். உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்திருந்தது. ஏசி ஓடும்போது இது தெரியவே தெரியாது, ஏனென்றால் வீட்டு ஏசி இழுப்பதே 7, 8 ஆம்பியர், அதுவும் விட்டு விட்டு. ஹீட்டர் கால் மணி நேரத்தில் ஆஃப் ஆகிவிடும். காரோ எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் ஒரே அளவில் இழுக்கும், தளர்ந்த இடம் எதுவோ அங்கே சூடு சேர்ந்துகொண்டே போகும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அதே கணக்கில் 15-லிருந்து 10-க்கு இறக்கினால் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். அதனால்தான் நான் 10-ஐ விடுவதில்லை, காலையில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை.

அப்புறம் மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தோம். 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர், கரன்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்க தனியாக 20 ஆம்பியர் எம்சிபி, கரன்ட் கசிந்தால் துண்டிக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, தொழிற்சாலைகளில் போடுகிற நீல நிற சாக்கெட், கேபிள் பிளக்குக்குப் பொருந்த நல்ல தரமான 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று பக்கத்தில். எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். யாராவது என்னிடம் எந்தக் கேபிள் நல்லது என்று கேட்டால், முதலில் இந்த 9,000-ஐச் செலவு பண்ணுங்கள் என்றுதான் சொல்கிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கன்வெர்ட்டர் பிளக் இரண்டையும் தயவுசெய்து தொடவே தொடாதீர்கள்.

ஊர் அனுபவம் வேறு மாதிரி. சித்திரை மாதம் கோவில்பட்டிப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போனோம், 16 ஆம்பியர் பாயின்ட் இருந்தது, செருகியதும் பாக்ஸில் சிவப்பு விளக்கு, எர்த் இல்லை என்று. பழுது என்று நினைத்து கம்பெனிக்குப் போன் போடப் போனேன். மாமாதான், "எர்த் குழியில தண்ணி ஊத்தி எத்தனை வருசமாச்சோ மாப்பிள்ளை" என்றார். பின்பக்கம் போய்ப் பார்த்தால் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, குழாய்க்கும் மண்ணுக்கும் ஒட்டே இல்லை. நான்கு குடம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டுப் போட்டேன், பச்சை விளக்கு வந்துவிட்டது! அடுத்த மாதமே கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் குழி எடுத்துவிட்டார். அத்தனை வருடம் அந்த வீட்டு கிரைண்டரும் ஃபிரிட்ஜும் சரியான எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கின்றன, கேபிள் சொல்லித்தான் தெரிந்தது. எர்த் இல்லாமலே ஓட வைக்க ஒரு அடாப்டர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கார் உடம்பைத் தொடுவது நம் வீட்டுப் பிள்ளைகள்.

கரன்ட் போய் வந்தால் தானாக மறுபடி தொடங்குகிறதா என்பது நம் ஊருக்கு முக்கியமான விஷயம். இது தொடங்குகிறது. தெரிந்தவர் ஒருவரின் கேபிளில் ராத்திரி 12 மணிக்குக் கரன்ட் போனால் காலை வரை அப்படியே நிற்கும், அவர் எழுந்து வந்து கழற்றி மாட்ட வேண்டும். வாங்கிய அன்றே எம்சிபியை இறக்கி ஏற்றிப் பார்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் லைனில் அந்த சாக்கெட் இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு பாக்ஸ் ஐபி 67, அதாவது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாத தரம், என்று போட்டிருக்கிறது, ஐப்பசி மழையில் நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கணக்கு பாக்ஸுக்குத்தான், சுவரில் செருகுகிற பிளக்குக்கு இல்லை, சாக்கெட் கூரைக்கு உள்ளேதான் இருக்க வேண்டும்.

குறை என்றால் இரண்டு. பிளக்குக்கும் பாக்ஸுக்கும் நடுவே வயர் ரொம்பக் குட்டை, அதனால் பாக்ஸ் சாக்கெட்டிலேயே தொங்கி, எடை தாங்காமல் பிளக் கீழே இழுபட்டுப் பிடி தளரும். சுவரில் ஒரு கொக்கி அடித்து பாக்ஸை மாட்டிவிட்டேன், இதைக் கம்பெனியே கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்று நீளம். 5 மீட்டர் எங்கள் போர்டிகோவுக்குச் சரி, மாமனார் வீட்டில் காரை ரிவர்ஸில் திண்ணை வரை கொண்டுபோனால்தான் எட்டுகிறது. அதே மாடல் 7 மீட்டரிலும் வருகிறது, இன்று வாங்கினால் அதைத்தான் எடுப்பேன்.