டஸ்கனியில் வாடகைக் கார்: கவுன்டரில் கையெழுத்து போடும் முன் படியுங்கள்

2024 மே மாதம் நானும் என் கணவரும் இத்தாலியின் டஸ்கனியில் ஏழு நாள் கார் ஓட்டிக்கொண்டு சுற்றினோம். காருக்கென்று ஊரிலிருந்தே கட்டிவிட்டுப் போனது 210 யூரோ. எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது அந்தக் காருக்காகவே கார்டில் போயிருந்தது 1,100 யூரோவுக்கு மேல். பெட்ரோலும் டோலும் இதில் சேர்த்தி இல்லை. இதில் ஒரு பகுதி பிறகு திரும்பி வந்தது, ஒரு பகுதி எங்கள் தப்பு, மீதி ஏமாந்தது. எது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் வங்கியில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சொல்கிறவள்.

காரை நேரடியாக நிறுவனத்திடம் புக் செய்யவில்லை. விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஓர் இடைத்தரகு தளத்தில் செய்தோம். ஃபியட் பாண்டா அளவில் ஒரு சின்ன கியர் கார். அதே தளத்தில் 60 யூரோவுக்கு முழுக் காப்பீடும் எடுத்தோம். இத்தாலியில் வாடகைக் காரோடு அடிப்படைக் காப்பீடு சேர்ந்தே வரும். ஆனால் ஏதாவது சேதமானால் முதல் ஆயிரம், இரண்டாயிரம் யூரோ நம் தலையில்தான் விழும். எக்ஸஸ் என்பார்கள். அந்தப் பணத்தை நாம் கட்டினால் நமக்குத் திருப்பித் தருவதுதான் தளத்தில் எடுத்த காப்பீட்டின் வேலை. ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் பர்மிட்டும் வாங்கியாயிற்று. இத்தாலியில் நம் ஊர் லைசென்ஸோடு அதுவும் கட்டாயம். எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்ற தெம்பில்தான் கிளம்பினோம்.

கோவையில் வீட்டைப் பூட்டி இருபது மணி நேரம் கழித்து ஃப்ளாரன்ஸ் விமான நிலையத்தில் இறங்கினோம். கார் எடுக்கும் இடத்தில் முக்கால் மணி நேர வரிசை. எங்கள் முறை வந்தபோது கவுன்டரில் இருந்த பையன் "நமஸ்தே" என்றான். அவ்வளவு களைப்பில் அது இனிமையாகத்தான் இருந்தது.

முதலில் பெயரில் பிடித்தான். நம் ஆட்களுக்கே உள்ள பிரச்சினை இது. என் கணவருக்கு பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு சேர்த்து நீளமான பெயர், லைசென்ஸில் இனிஷியல், கிரெடிட் கார்டில் இனிஷியல் இல்லாத மொட்டைப் பெயர். ஓட்டுபவர் பெயரும் கார்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு அவன் உதட்டைப் பிதுக்கினான். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று உள்ளே போனான். ஐந்து நிமிஷம் கழித்து வந்து, "உங்களுக்காகச் சரி செய்துவிட்டேன்" என்றான். அந்த இடத்திலேயே நாங்கள் அவனுக்குக் கடன்பட்டவர்கள் ஆகிவிட்டோம். இப்போது யோசித்தால் உள்ளே மேனேஜர் என்று யாராவது இருந்தாரா என்பதே சந்தேகம்.

அடுத்து டெபாசிட். 2,000 யூரோ கார்டில் பிளாக் செய்ய வேண்டும் என்றான். அன்றைய மதிப்பில் 1,80,000 ரூபாய். கணவர் கார்டின் லிமிட்டே இரண்டு லட்சம். அதில் தங்குமிடங்களுக்கு ஏற்கெனவே போனது போக மீதி போதவில்லை. மெஷின் கீச்சென்று மறுத்துவிட்டது. என் கார்டைக் கொடுத்தேன். நீங்கள் ஓட்டுநர் இல்லையே என்றான். டெபிட் கார்டு செல்லாது. 60 யூரோ காப்பீட்டின் தாளைக் காட்டினேன். "இது இத்தாலியில் செல்லாது மேடம், எங்களுடையதை எடுத்தால் டெபாசிட் 300 யூரோதான்." நாள் ஒன்றுக்கு 32 யூரோ. ஏழு நாளைக்கு 224. காரின் வாடகையைவிட அதிகம்.

அந்தக் காப்பீடு இத்தாலியில் செல்லும். சொன்னது பச்சைப் பொய். டெபாசிட்டை அது குறைக்காது என்பது மட்டும்தான் உண்மை. எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள், இருட்டுவதற்குள் தங்கும் ஊரான பியென்ஸாவுக்குப் போய்ச் சேர வேண்டும், கணவர் என் காதருகே "விடும்மா, எடுத்துக்கலாம், போய்த் தொலையலாம்" என்கிறார். வரிசையும் களைப்பும் அவன் பக்கம். அவனுக்கும் அது தெரியும்.

பிறகு, நீங்கள் புக் செய்த சின்ன கார் இல்லை, பெரிய கார் தருகிறேன் என்றான். கூடுதல் பணமா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். இல்லை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு டேப்லெட்டை நீட்டினான். திரையில் எல்லாம் இத்தாலிய மொழி, கீழே கையெழுத்துக்கு ஒரு கட்டம். மூன்று இடத்தில் கணவர் விரலால் கிறுக்கினார். கார்டு மெஷினில் யூரோவா ரூபாயா என்று கேட்ட திரையை எங்களிடம் காட்டாமல் அவனே ரூபாயை அழுத்தினான். யூரோ 90 ரூபாய்க்கு இருந்த அன்று எங்களுக்குப் போட்ட ரேட் 96. வெளிநாட்டில் எந்த மெஷின் ரூபாயைக் காட்டினாலும் வேண்டாம் என்று உள்ளூர் பணத்தையே அழுத்துங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

இரவு தங்குமிடத்தில் மெயிலைத் திறந்தால் காப்பீடு 224, அப்கிரேடு நாளுக்கு 15 வீதம் 105, மொத்தம் 329 யூரோ. இலவசம் என்று நான் நினைத்த பெரிய காருக்கு நூற்றைந்து யூரோ. அதுவும் வேண்டாத பெரிய கார். மோன்டெபுல்சானோவின் மலைச்சந்துகளில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனோம்.

ஊரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனா வரை கியான்டி மலைகளுக்குள் போகும் 222ஆம் எண் சாலையை ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். திராட்சைத் தோட்டம், ஆலிவ், ஓட்டு வீடு, மறுபடியும் திராட்சை. பியென்ஸாவைச் சுற்றியுள்ள ஓர்ச்சா பள்ளத்தாக்கு 2004இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மே மாதத்தில் கோதுமை பச்சையாக நின்று, நடுநடுவே சிவப்புப் பாப்பிப் பூக்கள். முதல் நாள் மட்டும் கொஞ்சம் திண்டாட்டம். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். இண்டிகேட்டர் என்று நினைத்து ஒவ்வொரு திருப்பத்திலும் கணவர் வைப்பரைப் போட்டுவிட்டார். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஆட, நாங்கள் திரும்ப, பின்னால் வருபவன் ஹாரன் அடிக்க... அதெல்லாம் இரண்டே நாளில் பழகிவிட்டது. பெட்ரோல் பங்க்கில் 'சர்வீத்தோ' என்று எழுதிய பம்ப்பில் நிறுத்தினால் ஆள் வந்து போடுவார், லிட்டருக்கு விலையும் கூட. 'ஃபாய் தா தே' என்றால் நாமே போட்டுக்கொள்வது. முதல் முறை அதிலும் கொஞ்சம் விட்டோம்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, ஃப்ளாரன்ஸில் தங்கல். மாலை ஆறு மணிக்கு நகருக்குள் போய் ஹோட்டல் வாசலில் பெட்டிகளை இறக்கிவிட்டு, பெட்ரோல் போட்டுக் காரைத் திருப்பிவிடுவதாகத் திட்டம். பாதி வழியில் பார்த்தால் கார்டு ஹோட்டலில் இறக்கிய பையிலேயே இருக்கிறது. திரும்பவும் உள்ளே போய் எடுத்து வந்தோம். இந்த இரண்டு தடவையின் விலை பின்னால் வரும்.

காரை விடும்போது இரவு பத்து மணி ஆகிவிட்டது. ஆள் யாரும் இல்லை. பெட்டியில் சாவியைப் போடச் சொல்லி ஒரு போர்டு. போட்டுவிட்டு டிராம் பிடித்து ஹோட்டலுக்கு வந்துவிட்டோம். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்களானால் இதை வையுங்கள்: அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் காரை விடுங்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு சுற்றி வந்து, சேதம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சாவியைப் பெட்டிக்குள் போட்டீர்களானால், மறுநாள் காலை அவர்கள் பார்க்கிறபோது கார் எப்படி இருந்ததாகச் சொல்கிறார்களோ அதுதான் உண்மை.

ஊருக்கு வந்த ஒன்பதாவது நாள் மெயில். வலது பின் சக்கரத்தின் அலாய் ரிம்மில் கீறல், 320 யூரோ. அதைக் கையாண்ட கட்டணம் 50. மெயில் வருவதற்கு முன்பே 370 யூரோ கார்டில் போய்விட்டது. அதான் 224 யூரோ கொடுத்து உங்கள் காப்பீட்டை எடுத்தோமே என்று எழுதினோம். சக்கரம், கண்ணாடி, கூரை, வண்டியின் அடிப்பாகம் இவை அதில் அடங்காது என்று பதில். டஸ்கனியின் மண் சாலைகளில் வேறு எங்கே அடிபடும்?

ஆதாரமாக அனுப்பிய படத்தில் ஒரு விரல், ஒரு கீறல். நம்பர் பிளேட் இல்லை, தேதி இல்லை. கீறல் கமா போட்டதுபோல வளைந்து, வாலில் இரண்டு சின்னப் புள்ளிகளோடு இருந்தது. கார் எடுத்த அன்று நான் வீடியோ எடுத்திருந்தேன். ஆனால் அது ஷெட்டின் மங்கலான வெளிச்சத்தில், கதவு உயரத்திலேயே சுற்றி வந்த வீடியோ. சக்கரம் எதுவும் சரியாகத் தெரியவில்லை. கைவிட்டுவிட்ட நேரத்தில்தான் மாமியாருக்கு அனுப்பிய போட்டோ ஞாபகம் வந்தது. சாவி வாங்கிய கையோடு, இன்னும் ஷெட்டுக்குள்ளேயே, கணவர் காரின் பின்பக்கம் சாய்ந்து சாவியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். என் போனில் இருந்த அசலைப் பெரிதாக்கினேன். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் அதே கமா. அதே இரண்டு புள்ளி.

அந்தப் போட்டோவைக் கார் நிறுவனத்துக்கு மூன்று முறை அனுப்பினோம். மூன்று முறையும் ஒரே வாசகத்தில் பதில் வந்தது. எடுக்கும்போது படிவத்தில் குறிக்காத சேதம் எதுவானாலும் எடுத்தவர் பொறுப்பு என்று. படிவமும் அந்த டேப்லெட்டுக்குள்தான் இருந்தது, கையெழுத்தும் கணவருடையதுதான். வங்கியில் டிஸ்ப்யூட் போட்டதும், எங்கள் துறைக்காரர்களாயிற்றே என்ற நம்பிக்கையில், வேலைக்கு ஆகவில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது என்று முடித்துவிட்டார்கள்.

கடைசியில் யார் பணம் தந்தது தெரியுமா? இத்தாலியில் செல்லாது என்று கவுன்டரில் சொன்னானே, அந்த 60 யூரோ காப்பீடு. அதில் சக்கரமும் கண்ணாடியும் அடங்கும். ஒப்பந்தம், அவர்கள் அனுப்பிய சேத விவரம், கார்டு ஸ்டேட்மென்ட் மூன்றையும் ஏற்றினோம். ஏழு வாரத்தில் 320 யூரோ வந்தது. கையாண்ட கட்டணம் 50 வரவில்லை.

செப்டம்பரில் அடுத்தது. ஒரே வாரத்தில் இரண்டு முறை 48.80 யூரோ எடுத்தார்கள். 40 யூரோ கட்டணம், 22% வரி. இதில் நிறுவனத்தை மட்டும் திட்ட முடியாது. ஃப்ளாரன்ஸ், சியெனா, பீசா, லூக்கா என்று அங்கே பெரும்பாலான பழைய நகரங்களின் நடுப்பகுதியில் வெளியாட்களின் கார் போகக் கூடாத எல்லை உண்டு. இசட்டிஎல் என்பார்கள். வெள்ளைப் பலகையில் சிவப்பு வளையம், மேலே கேமரா. 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது என்று அர்த்தம். வார்கோ என்றால் நுழைவாயில், அத்தீவோ என்றால் ஆக்டிவ். திறந்திருக்கிறது என்று நினைத்து நுழைகிறவர்கள் எங்களைப் போல எத்தனையோ பேர். போன் மேப் நேராக உள்ளேதான் கூட்டிப்போனது. ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு அபராதம், அதனால் எங்களுக்கு இரண்டு. ஹோட்டலில் முன்பே சொல்லியிருந்தால் நம் கார் எண்ணை நகராட்சிக்குப் பதிந்து கொடுத்திருப்பார்கள். நாங்கள் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. நகருக்குள் காரே வேண்டாம் என்று வெளியிலேயே விட்டுவிட்டு டிராமில் போவது இதைவிட நல்லது.

அந்த 48.80ஐப் பார்த்து அபராதம் கட்டியாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். நம் பெயரையும் முகவரியையும் போலீசுக்கு எடுத்துக் கொடுத்ததற்கான கூலி மட்டுமே அது. ஒப்பந்தத்தில் எங்கோ எழுதியிருக்கிறார்கள். உண்மையான அபராதம் 2025 பிப்ரவரியில் பதிவுத் தபாலில் கோவைக்கே வந்தது. 83 யூரோ, தபால் செலவு தனி. கடிதம் கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30% தள்ளுபடி. அன்றே உட்கார்ந்து 58.10 யூரோவும் தபால் செலவும் ஆன்லைனில் கட்டினேன், இந்தத் தடவை யூரோவில்.

இரண்டாவது நுழைவுக்கான கடிதம் இதை எழுதும்வரை வரவில்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு 360 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். கணவர் காலண்டரில் மே மாதத்தில் ஒரு தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார், அதைத் தாண்டினால் தப்பித்தோம் என்று. அந்த 360 நாளை எண்ணத் தொடங்குவது நாங்கள் நுழைந்த நாளிலிருந்து இல்லை, கார் நிறுவனம் எங்கள் பெயரைக் கொடுத்த நாளிலிருந்து. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.