ஆறு பேர் டைனிங் டேபிளுக்கு அடியில் 5×8-ஆ, 6×9-ஆ, 8×10-ஆ?

போன வருஷம் டைனிங் டேபிளுக்கு அடியில் விரிக்க ஒரு கார்பெட் வாங்கினோம். எட்டு மாதத்தில் அதைச் சுருட்டி வைத்துவிட்டு வேறொன்று வாங்க வேண்டியதாகிவிட்டது. முதலில் வாங்கியது 5×8 அடி, இப்போது கிடப்பது 8×10. நடுவில் தங்கை வீட்டிலிருந்து ஒரு 6×9-ஐக் கொண்டுவந்து ஒரு வாரம் போட்டுப் பார்த்தோம். மூன்றையும் ஒரே டேபிளுக்கு அடியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் 8×10 பக்கம்தான்.

எங்கள் டேபிள் 5 அடிக்கு 3 அடி. நீளப் பக்கத்தில் இரண்டிரண்டு நாற்காலி, இரு முனையிலும் ஒவ்வொன்று. ஆறு பேர் டேபிள் என்று கடைகளில் இருப்பதில் நிறைய இந்த அளவுதான், கொஞ்சம் பெரிதென்றால் 6-க்கு 3.

நிறம், டிசைன் அவரவர் விருப்பம். நாற்காலி இழுக்கும் சத்தம் கீழ் வீட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விலை பரப்பளவோடு ஏறும்: 5×8 என்றால் 40 சதுர அடி, 6×9 என்றால் 54, 8×10 என்றால் 80. ஒரே ரகத்தில் பார்த்தால் பெரியது சின்னதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நாங்கள் முதலில் 5×8-க்குப் போனோம்.

நாங்கள் பார்க்காமல் விட்டது நாற்காலியின் பின்காலை. நாற்காலிகளை உள்ளே தள்ளி வைத்திருக்கும்போது 5×8 ரொம்பப் பொருத்தமாகத் தெரியும். கடையிலும் அப்படி வைத்துக் காட்டித்தான் "ஆறு பேருக்கு இது தாராளம்" என்றார்கள். ஆனால் அகலவாக்கில் டேபிளைத் தாண்டி ஒரு பக்கத்துக்கு ஒரு அடிதான் வெளியே இருக்கும். ஆள் உட்கார்ந்ததும் பின்கால்கள் இரண்டும் டைல்ஸில், முன்கால்கள் இரண்டும் கார்பெட்டில். நாற்காலி எப்போதும் லேசாகப் பின்னால் சாய்ந்தபடியே நிற்கும், முன்னால் இழுத்தால் பின்கால் ஓரத்தில் தட்டும், ஓரம் மடிந்து சுருளும்.

அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. எழுந்திருக்கும்போது டேபிளில் இரண்டு கையையும் ஊன்றி, நாற்காலியை உடம்பாலேயே பின்னுக்குத் தள்ளுவார். ஒரு நாள் ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டு முடித்து அப்படித் தள்ளியபோது, ஏற்கெனவே பின்னால் சாய்ந்திருந்த நாற்காலியோடு சட்டென்று பின்னால் சரிந்தார். தண்ணீர் எடுக்க வந்த என் மகன் நேராகப் பின்னால் நின்றதால் தாங்கிப் பிடித்தான். அன்றைக்கே அந்தக் கார்பெட்டைச் சுருட்டிவிட்டோம்.

6×9 இதற்கு எவ்வளவோ மேல். அகலவாக்கில் 18 அங்குலம் வெளியே கிடைக்கிறது, அதனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை நான்கு காலும் கார்பெட் மேலேயே இருக்கும். எழுந்திருக்கத் தள்ளும்போதுதான் பின்கால் கீழே இறங்கும். முனைகளில் இரண்டு அடி கிடைப்பதால் அங்கே பிரச்சினையே இல்லை. அப்பாவை முனைக்கு மாற்றலாம் என்று பார்த்தோம், ஆனால் ஃபேன் காற்று நேராகப் படுகிற இடத்தில் உட்கார்ந்தே அவருக்குப் பழக்கம், அவரை இடம் மாற்ற மனசு வரவில்லை. வயசானவர்களும் சின்னக் குழந்தைகளும் இல்லாத வீடென்றால் 6×9 போதும் என்றுதான் சொல்வேன். ஒரு பக்கம் நாற்காலிக்குப் பதில் பெஞ்ச் போட்டிருந்தால், டேபிளை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி மறுபக்கத்துக்கு இடம் கூட்டிக்கொள்ளலாம்.

8×10-இல் நாலு பக்கமும் இரண்டரை அடி. உட்காரலாம், தள்ளலாம், எழுந்து நிற்கலாம், நாற்காலி கார்பெட்டை விட்டு இறங்காது. எங்கள் வீட்டில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

வாங்கும் முன் அளந்து பார்க்கச் சுலபமான வழி உண்டு. இப்போதைய ஃபிளாட்டுகளில் நிறைய இடத்தில் 2-க்கு 2 டைல்ஸ்தான். டேபிள் விளிம்பிலிருந்து ஒரு முழு டைல்ஸ் அளவாவது கார்பெட் வெளியே வர வேண்டும். 8×10 என்பது நாலுக்கு ஐந்து டைல்ஸ். கோலமாவாலோ சாக்பீஸாலோ அந்தக் கட்டத்தைப் போட்டுவிட்டு, வீட்டில் எல்லோரையும் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள், பின்கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அப்படியே ஃப்ரிட்ஜ் கதவையும் பக்கத்து அறைக் கதவையும் திறந்து பார்த்துவிடுங்கள். எங்கள் பெட்ரூம் கதவு அடியில் தட்டும் போலிருந்ததால், கார்பெட்டை அரை அடி தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

பெரியதில் கஷ்டம் துவைப்பதுதான். 5×8-ஐ நான் ஒருத்தியே மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் அலசிப் போட்டுவிடுவேன். 8×10 பருத்திக் கார்பெட் நனைந்துவிட்டால் மூன்று பேர் வேண்டும். அதனால் சாம்பார் சிந்தினால் அந்த இடத்தை மட்டும் உடனே ஒற்றி எடுத்துவிடுகிறோம். சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை குங்குமச் சிவப்பாக மாறும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சோப்பில் இருக்கும் காரத்தால் வருவது அது, நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மிச்சம் இருப்பதை வெயில் பார்த்துக்கொள்ளும், இரண்டு மூன்று நாள் நேர் வெயிலில் காய்ந்தால் நன்றாகவே மங்கிவிடுகிறது.

ரகத்தைப் பொறுத்தவரை எங்களுடையது முடி இல்லாத தட்டை நெசவு, நாற்காலி தடங்கல் இல்லாமல் நகர்கிறது. தங்கையுடையது மொசுமொசுவென்ற ரகம், இழுக்கும்போது கால் புதைந்தது, பருக்கைகளும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. ஆனால் ஒரு வாரம்தான் பார்த்தேன், நாள்பட எப்படி இருக்கும் என்பதைத் தங்கைதான் சொல்ல வேண்டும். பவானி ஜமக்காளத்தையே விரித்தால் என்ன என்று அம்மா கேட்டார். எனக்கும் ரொம்பப் பிடித்ததுதான், வீட்டில் விசேஷம் என்றால் இன்றைக்கும் அதில்தான் உட்காருகிறோம். ஆனால் அது ஆள் உட்கார நெய்தது. நாற்காலிக் கால் பட்டுப் பட்டு நகர்ந்து, நடுவில் சுருக்கம் விழுந்தது. அடியில் வழுக்காத ரப்பர் வலை போட்டால் ஓரளவு நிற்கும்.

நாலு பேர் டேபிள், 4-க்கு இரண்டரை அடி என்றால் 6×9 கிட்டத்தட்டச் சரியாக வரும். 4 அடி வட்ட டேபிளுக்கு 8 அடி வட்டம், இது கணக்குப் போட்டுச் சொல்வது, போட்டுப் பார்த்ததில்லை.

ஆன்லைனில் வாங்கினால் அடியை நம்பாமல் சென்டிமீட்டரைப் பாருங்கள். 5×8 என்று போட்டு 160×230 அனுப்புகிறார்கள், அது நீளத்தில் ஏழரை அடிதான். 200×300 என்று ஒரு அளவு வருகிறது. 5-க்கு 3 டேபிளுக்கு அது 6×9-ஐவிட ஒரு பக்கத்துக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும், 8×10 கொள்ளாத இடமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.